மதுரை வட்டாரத்தில் ஆண்டுப் பிறப்பு

மதுரை வட்டாரத்தில் ஆண்டுப் பிறப்பு என்பது பொதுவாகச் சித்திரை முதல் நாளைக் குறிக்கும். மக்கள் பேச்சில் இது 'வருஷப் பிறப்பு'. ஆங்கில நாட்காட்டிப்படி பெரும்பாலும் ஏப்ரல் 14 அன்று வரும். ஆனால் மதுரை நகரிலும், அதைச் சூழ்ந்த மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிகளிலும் ஓர் ஆண்டு முடிந்து அடுத்தது தொடங்குவதாகக் கொள்ளப்படும் நாள் இது ஒன்று மட்டும் அன்று. மார்கழிக் கடைசியில் போகியும் அதை அடுத்துத் தைப்பொங்கலும், ஜனவரி முதல் நாளும், வருவாய்த்துறைக் கணக்கில் ஜூலை முதல் நாளும் ஆண்டின் திருப்பங்களாகவே இருந்து வருகின்றன. இவற்றுள் எது தமிழரின் ஆண்டுப் பிறப்பு என்னும் வினா சட்டமன்றம் வரை சென்றது. அந்த விவாதத்தைப் புரிந்துகொள்ள, இந்த நாள்கள் எப்படிக் கணிக்கப்படுகின்றன, அன்று மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதை முதலில் அறிவது நல்லது.

சித்திரை முதல் நாளைக் கணிக்கும் முறை

தமிழ் மாதம் ஞாயிற்றின் நகர்வை அடிப்படையாகக் கொண்டது. வான்வெளியில் ஞாயிறு செல்வதாகத் தோன்றும் பாதை பன்னிரண்டு இராசிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. முதல் இராசியாகிய மேடத்துக்குள் ஞாயிறு நுழையும் நேரமே ஆண்டுப் பிறப்பு. அந்த நுழைவு சூரியன் மறைவதற்கு முன் நிகழ்ந்தால் அன்றைய தினமே சித்திரை 1; மறைந்த பின் நிகழ்ந்தால் மறுநாள் சித்திரை 1. கேரளத்தில் இந்த எல்லை பிற்பகலின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அதனால்தான் 2023-இல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 14 அன்று புத்தாண்டும், கேரளத்தில் ஏப்ரல் 15 அன்று விஷுவும் கொண்டாடப்பட்டன. வானில் நிகழ்ந்தது ஒன்றே, விதிதான் வேறு.

தமிழ் மாதங்களின் நாள் எண்ணிக்கை ஒழுங்கற்றது என்று மாணவர்கள் குறைப்படுவதுண்டு. உண்மையில் அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. பூமி ஜூலைத் தொடக்கத்தில் ஞாயிற்றிலிருந்து மிகத் தொலைவிலும், ஜனவரித் தொடக்கத்தில் மிக அருகிலும் இருக்கும். தொலைவில் இருக்கும்போது அது மெதுவாக நகர்வதால் ஞாயிறு ஓர் இராசியைக் கடக்கக் கூடுதல் நாள் பிடிக்கிறது. ஆகவே ஆனி மாதத்துக்கு 32 நாள்கூட வருகிறது. மார்கழி 29 நாளிலேயே முடிந்துவிடுவதுண்டு. ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் ஏன் 31 நாள் என்பதற்கு வானத்தில் விடை கிடையாது. ஆனிக்கு ஏன் 32 என்பதற்கு உண்டு.

பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள் மார்ச் 20 அல்லது 21. பழைய நூல்கள் மேட நுழைவையும் சமநாளையும் ஒன்றாகவே கருதின. இன்று இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 24 நாள் இடைவெளி இருக்கிறது. பூமியின் அச்சு, சுற்றும் பம்பரத்தின் தலையைப் போல மிக மெதுவாக வட்டமிடுவதே இதற்குக் காரணம். விண்மீன்களை வைத்துக் கணக்கிடும் ஆண்டு, பருவங்களை வைத்துக் கணக்கிடும் ஆண்டைவிட ஏறத்தாழ 20 நிமிடம் நீளமானது. வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டு 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. இதை மணிக்கணக்கில் சொன்னால் 365 நாள், 6 மணி, 12 நிமிடம், 30 நொடி. ஆங்கில நாட்காட்டியின் சராசரி ஆண்டு இதைவிட ஏறத்தாழ 23 நிமிடம் குறைவு. எனவே அறுபது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் சித்திரை முதல் நாள் ஆங்கிலத் தேதியில் ஒரு நாள் பின்னோக்கித் தள்ளிப்போகிறது.

வரலாற்றில் இதைச் சரிபார்க்கலாம். பஞ்சாபியரின் வைசாகியும் இதே மேட நுழைவு நாள்தான். ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்த 1919-ஆம் ஆண்டு வைசாகி ஏப்ரல் 13 அன்று வந்தது. குரு கோவிந்த் சிங் கால்சா அமைப்பைத் தொடங்கிய 1699-ஆம் ஆண்டு வைசாகி, இன்றைய நாட்காட்டிக்கு மாற்றினால் ஏப்ரல் 9-ஐ ஒட்டி வருகிறது. இன்று ஏப்ரல் 14. இந்நூற்றாண்டு செல்லச் செல்ல ஏப்ரல் 15 அடிக்கடி வரத் தொடங்கும்.

இந்தப் பிசகைத் திருத்த 1952-இல் மேகநாத் சாகா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைப்படி உருவான இந்தியத் தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 அன்று நடைமுறைக்கு வந்தது. அரசிதழிலும் வானொலி அறிவிப்பிலும் அது இருக்கிறது. வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பார்த்து யாரும் அதன்படி நாள் குறிப்பதில்லை.

அறுபது ஆண்டுச் சுற்று

தமிழ் ஆண்டுகளுக்கு எண் இல்லை, பெயர் உண்டு. பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்கள் சுழன்று வரும். இப்போது நடக்கும் சுற்று 1987 ஏப்ரலில் பிரபவ ஆண்டில் தொடங்கியது. வியாழன் ஐந்து முறையும் சனி இரண்டு முறையும் வானைச் சுற்றிவர ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆவதே இச்சுற்றின் வானியல் அடிப்படை. ஒருவர் பிறந்த ஆண்டின் பெயர் மீண்டும் வரும்போது அவருக்கு அறுபது நிறைகிறது. மணிவிழா கொண்டாடுவது அதனால்தான்.

இம்முறையில் ஒரு குறை உண்டு. பெயரை மட்டும் சொன்னால் எந்த நூற்றாண்டு என்று தெரியாது. கல்வெட்டு ஆய்வாளர்கள் சக ஆண்டையோ அரசரின் ஆட்சி ஆண்டையோ சேர்த்துப் பார்ப்பது இதற்காகவே. எனினும் மக்கள் நினைவில் பெயர்தான் நிற்கிறது. 1876-இல் தொடங்கிய கொடும்பஞ்சத்தை மதுரைப் பக்கத்தில் இன்றும் 'தாது வருஷப் பஞ்சம்' என்றே சொல்வார்கள். ஆங்கில ஆண்டைச் சொல்லத் தெரியாத முதியவருக்கும் தாது வருஷம் தெரியும். அதே பெயர் 1936-லும் 1996-லும் திரும்ப வந்தது; ஆயினும் 'தாது வருஷம்' என்றால் பஞ்சம்தான் நினைவுக்கு வருகிறது.

வீட்டில் வருஷப் பிறப்பு

முதல் நாள் வீட்டைக் கழுவி, வாசலில் மாவிலைத் தோரணம் கட்டுவர். சில வீடுகளில் இரவே ஒரு தாம்பாளத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி, பழங்கள், பூ, வெற்றிலை பாக்கு, நகை, பணம் ஆகியவற்றைச் சாமி முன் வைத்துவிட்டு, காலையில் கண் விழித்ததும் அதைப் பார்ப்பார்கள். இதற்குக் 'கனி காணுதல்' என்று பெயர். கேரளத்தை ஒட்டிய நெல்லை, குமரி, கோவைப் பகுதிகளில் இது பரவலானது. மதுரையில் எல்லா வீட்டிலும் கிடையாது.

எல்லா வீட்டிலும் இருப்பது பச்சடி. மாங்காயும் வெல்லமும் சேர்த்துக் கிண்டி, அதில் நெய்யில் வறுத்த வேப்பம்பூவைப் போடுவார்கள். இனிப்பு, புளிப்பு, கசப்பு, உறைப்பு, உப்பு, துவர்ப்பு என்று ஆறு சுவையும் அதில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. வேம்பு பூப்பதும் மா காய்ப்பதும் பங்குனி, சித்திரையில்தான். வேப்ப மரத்தடியில் துணி விரித்து உதிர்ந்த பூவைச் சேர்த்து, வெயிலில் காயவைத்து, ஆண்டு முழுவதும் இரசத்துக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் கிராமங்களில் இருக்கிறது.

மாலையில் கோயில்களில் புதுப் பஞ்சாங்கம் படிக்கப்படும். அதில் அந்த ஆண்டுக்கு இராசா யார், மந்திரி யார் என்று வரும். இதைக் கேட்டு மலைக்கத் தேவையில்லை. தெலுங்கு ஆண்டு பிறக்கும் யுகாதி எந்தக் கிழமையில் வருகிறதோ அக்கிழமைக்குரிய கோள் இராசா. மேட நுழைவு எந்தக் கிழமையோ அதற்குரிய கோள் மந்திரி. 2025-இல் யுகாதி ஞாயிற்றுக்கிழமையும் சித்திரை முதல் நாள் திங்கட்கிழமையும் வந்தன. ஆகவே சூரியன் இராசா, சந்திரன் மந்திரி. மழையளவும் 'இத்தனை மரக்கால்' என்று சொல்லப்படும். மழைமானி வருவதற்கு முன் மக்கள் மழையை நெல்லைப் போல அளந்து பேசினர் என்பதற்கு இது ஒரு சான்று. அந்தக் கணிப்பு பலிக்குமா என்பது வேறு.

நல்லேர் பூட்டுதல்

நகரத்தில் வருஷப் பிறப்பு கோயிலோடும் சாப்பாட்டோடும் முடிந்துவிடும். கிராமத்தில் அது வேலை நாள். மதுரை, விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் சித்திரை முதல் நாளிலோ, அம்மாதத்தில் குறித்த ஒரு நல்ல நாளிலோ ஊரார் கூடி ஆண்டின் முதல் உழவைத் தொடங்குவர். இதை 'நல்லேர் பூட்டுதல்' என்றும் 'பொன்னேர் பூட்டுதல்' என்றும் சொல்வார்கள். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் தீட்டி, கலப்பைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஊருக்குப் பொதுவான ஒரு நிலத்தில் கிழக்கு முகமாக வரிசையில் நிறுத்துவர். பூசை முடிந்ததும் நவதானியத்தைத் தூவி, ஏர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சில சுற்று உழுது திரும்பும். வீடு திரும்பும் மாட்டின் மீதும் உழவர் மீதும் பெண்கள் மஞ்சள் தண்ணீர் தெளிப்பது வழக்கம். உழவு மாடு குறைந்துவிட்ட ஊர்களில் டிராக்டருக்கு மாலை போட்டு அதே வரிசையில் நிறுத்துகிறார்கள்.

இது வெறும் சடங்கு அன்று. உசிலம்பட்டி, பேரையூர், கள்ளிக்குடிப் பக்கத்து நிலங்களில் பெரும்பகுதி மானாவாரி. இப்பகுதிக்கு மழை பெரிதும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால் வருகிறது. அதற்கு முன் சித்திரை, வைகாசியில் இடியுடன் சில மழை உண்டு. அந்த மழை இறுகிய மண்ணில் விழுந்தால் ஓடிவிடும். உழுது விட்ட மண்ணில் இறங்கும். மண்ணுக்கடியில் உள்ள புழுவும் கூட்டுப்புழுவும் மேலே வந்து வெயிலில் காய்ந்து சாகும். பறவைகளும் பொறுக்கித் தின்னும். இதைத்தான் 'சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்' என்று பழமொழி சொல்கிறது. வேளாண்மைத் துறை இன்று 'கோடை உழவு' என்று பரிந்துரைப்பதும் இதே வேலையைத்தான்.

ஆற்றுப் பாசனப் பகுதியின் கதை வேறு. 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் வைகை வழியாக வாடிப்பட்டி, மேலூர் வரை பாய்கிறது. அங்கே உழவு எப்போது என்பதைப் பஞ்சாங்கத்தைவிட அணையின் நீர்மட்டமே முடிவு செய்கிறது. ஆயினும் நல்லேர் பூட்டும் ஊர்கள் அங்கும் உண்டு.

மாதங்களின் பெயரில் தெருக்கள்

மதுரையில் ஆண்டுச் சுற்றைப் பற்றிப் பேசும்போது நகரத்தின் அமைப்பைச் சொல்லாமல் விட முடியாது. மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்து, உள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கு அப்பால் மாசி வீதி என்று சதுரச் சதுரமாகத் தெருக்கள் விரிகின்றன. அந்தந்த மாதத் திருவிழாவின் பெயரால் அவை வழங்குகின்றன. ஆனால் சித்திரைத் திருவிழாத் தேர் ஓடுவது மாசி வீதியில்! மீனாட்சி திருக்கல்யாணம் முன்பு மாசி மாதத்தில் நடந்ததாகவும், திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) அதைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்ததாகவும் சொல்லப்படும் செய்திக்கு இந்தத் தெருப் பெயரையும் சான்றாகக் காட்டுவர். மாசி, உழவர் அறுவடையை முடிக்கும் நேரம்; சித்திரையில் கையில் நெல்லும் இருக்கும், ஓய்வும் இருக்கும். சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு மதுரைக்கு வர ஏற்ற காலம் அதுதான்.

சித்திரைத் திருவிழா பன்னிரண்டு நாள் நடக்கும். எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிசேகம் செய்து செங்கோல் கொடுக்கப்படும். பத்தாம் நாள் திருக்கல்யாணம், மறுநாள் தேர். பௌர்ணமியை ஒட்டிக் கள்ளழகர் வைகையில் இறங்குவார். பட்டாபிசேகம் முதல் ஆவணி வரை மதுரையில் மீனாட்சியின் ஆட்சி. ஆவணி மூலத் திருவிழாவில் செங்கோல் சுந்தரேசுவரர் கைக்கு மாறும். மதுரைக்காரர்களின் பேச்சில் இது நகைச்சுவையாகவும் பெருமையாகவும் வரும்: வெயில் காலத்தில் அம்மன் ஆட்சி, மழைக் காலத்தில் ஐயன் ஆட்சி.

இத்திருவிழா சித்திரை முதல் நாளோடு கட்டுப்பட்டதன்று. அது நிலவையும் நட்சத்திரத்தையும் பொறுத்தது. 2024-இல் ஏப்ரல் 23 அன்று அழகர் ஆற்றில் இறங்கினார். 2025-இல் மே 12 அன்று. ஆயினும் மதுரை மக்களுக்கு ஆண்டு உண்மையில் திரும்பும் உணர்வு வருஷப் பிறப்பன்று வருவதைவிட, வைகை அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் அழகரின் தங்கக் குதிரை இறங்கும்போதுதான் வருகிறது. கொரோனாவால் 2020, 2021 ஆகிய ஈராண்டும் மக்கள் இன்றியே விழா நடந்தபோது, ஆண்டே பிறக்காதது போல இருந்ததாகப் பலர் சொல்லக் கேட்கலாம்.

எது ஆண்டின் முதல் மாதம்?

பழைய இலக்கியத்தைத் தேடினால் ஒரே விடை கிடைக்காது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடிய நெடுநல்வாடை, ஞாயிறு ஆட்டை, அதாவது மேடத்தை, முதலாகக் கொண்டு இராசிகளில் செல்வதைக் குறிப்பிடுகிறது. சித்திரையை ஆதரிப்போர் இதைக் காட்டுவர். பல நூற்றாண்டுகள் கழித்து, தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியரோ, ஞாயிற்றுக்குரிய சிம்மம் முதல் திங்களுக்குரிய கடகம் ஈறாக வருவதே ஓர் ஆண்டு என்கிறார். அதாவது ஆவணி முதல் ஆடி வரை. தொல்காப்பியம் பருவங்களைக் காரிலிருந்து தொடங்குவதற்கு அவர் தரும் விளக்கம் இது. நச்சினார்க்கினியரும் மதுரைக்காரர்தான். கேரளத்தில் கொல்லம் ஆண்டு ஆவணியில்தான் தொடங்குகிறது. நெல்லை, குமரிப் பகுதிக் கல்வெட்டுகளிலும் கொல்லம் ஆண்டு வழங்கியது.

தையை ஆதரிப்போர், சங்க நூல்களில் பல இடங்களில் தைத் திங்கள் சிறப்பித்துச் சொல்லப்படுவதைச் சுட்டுவர். வைகையில் இளம்பெண்கள் நீராடியதைப் பரிபாடல் தைந்நீராடல் என்று பாடுகிறது. ஆனால் இந்த இடங்கள் தையின் சிறப்பைக் காட்டுகின்றனவே தவிர, ஆண்டு அன்று பிறப்பதாக நேராகச் சொல்லவில்லை. நெடுநல்வாடையும் இராசிகளின் முதலைச் சொல்கிறதே தவிர, ஆண்டின் முதலை வெளிப்படையாகச் சொல்லவில்லை. இலக்கியச் சான்று என்று இரு தரப்பும் காட்டுபவை இந்த அளவில் நிற்கின்றன. வெளிப்படையாக ஆண்டின் எல்லையைச் சொல்பவர் நச்சினார்க்கினியர் ஒருவரே. அவர் சொல்வதோ ஆவணியை. இதை இரு தரப்பாரும் அதிகம் பேசுவதில்லை.

உண்மையில் விவாதம் இலக்கியத்தால் மட்டும் எழுந்ததன்று. அறுபது ஆண்டுப் பெயர்களும் வடமொழிப் பெயர்கள். அவற்றுக்குச் சொல்லப்படும் புராணக் கதையும் ஏற்கத்தக்கதாக இல்லை என்பது தனித்தமிழ் இயக்கத்தாரின் வலுவான வாதம். மறைமலையடிகள் வழிவந்த அறிஞர்கள் திருவள்ளுவர் ஆண்டை முன்வைத்தனர். ஆங்கில ஆண்டோடு 31-ஐக் கூட்டினால் அது கிடைக்கும். 2025 என்றால் 2056. தமிழ்நாடு அரசு இதைத் தன் ஆவணங்களில் பயன்படுத்துகிறது.

2008-இல் மு. கருணாநிதி தலைமையிலான அரசு, தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் இயற்றியது. 2011 ஆகஸ்டில் ஜெ. ஜெயலலிதா தலைமையிலான அரசு அச்சட்டத்தை நீக்கிச் சித்திரையை மீட்டது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் ஏப்ரல் 14 விடுமுறையாகவே இருந்தது, ஏனெனில் அது அம்பேத்கர் பிறந்த நாளும் ஆகும். தொலைக்காட்சிகள் சில 'புத்தாண்டு' என்ற சொல்லைத் தவிர்த்துச் 'சித்திரைத் திருநாள் சிறப்பு நிகழ்ச்சி' என்று அறிவித்தன. பச்சடி மட்டும் மாறவில்லை.

வானியலை முன்வைத்து ஒரு தரப்பைத் தாழ்த்துவதும் சரியன்று. சித்திரை 1 உண்மையான சமநாளிலிருந்து ஏறத்தாழ 24 நாள் விலகியிருப்பதைப் போலவே, தை 1-உம் ஞாயிறு வடக்கே திரும்பும் உண்மையான நாளாகிய டிசம்பர் 21 அல்லது 22-லிருந்து அதே அளவு விலகியிருக்கிறது. இரண்டும் ஒரே கடிகாரத்தில் உள்ள இரண்டு மணிகள்.

போகியும் தையும்

சட்டம் என்ன சொன்னாலும், பழையது கழிந்து புதியது பிறக்கும் உணர்வு போகியிலும் பொங்கலிலும் வலுவாக இருப்பதை மறுக்க முடியாது. மார்கழிக் கடைசி நாளில் வீட்டுக்கு வெள்ளையடித்து, கிழிந்த பாயையும் தேய்ந்த துடைப்பத்தையும் எரித்துவிட்டு, பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை, மாவிலை ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி வாசலிலும் வயலிலும் செருகுவர். இதுவே காப்புக் கட்டுதல். மறுநாள் புதுப்பானையில் புது அரிசி பொங்கும். மார்கழியில் நிறுத்தி வைத்த திருமணப் பேச்சுகள் மீண்டும் தொடங்கும். 'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்பது அப்போது அடிக்கடி கேட்கும் சொல்.

சித்திரையில் ஏர் பூட்டிய உழவன் தையில் அறுவடை செய்கிறான். ஒன்று வேலையின் ஆண்டுப் பிறப்பு, மற்றது விளைச்சலின் ஆண்டுப் பிறப்பு. இப்படிப் பார்த்தால் இரண்டு நாளும் ஒரே உழவனின் வீட்டில் ஏன் முரண்படாமல் இருக்கின்றன என்பது விளங்கும்.

தை முதல் நாள் அவனியாபுரத்திலும், மாட்டுப் பொங்கலன்று பாலமேட்டிலும், மறுநாள் அலங்காநல்லூரிலும் ஜல்லிக்கட்டு நடக்கும். 2014-இல் உச்ச நீதிமன்றம் விதித்த தடையால் 2015, 2016 பொங்கல்கள் வாடிவாசல் திறக்காமல் கழிந்தன. 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பின் வந்த சட்டத் திருத்தத்தை 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றது. முன்பு மதுரை மாவட்டத்தில் இருந்த தேனிப் பகுதியில் பொங்கல் இன்னொருவருக்கும் வைக்கப்படுகிறது. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக் 1841 ஜனவரி 15 அன்று பிறந்தவர். அவருடைய பிறந்த நாளும் பொங்கலும் அருகருகே வருவதால், லோயர் கேம்ப்பில் உள்ள அவருடைய மணிமண்டபத்தில் உழவர்கள் பொங்கல் வைத்து வணங்குகின்றனர்.

ஜனவரி முதல் நாள்

ஜனவரி 1 மார்கழியின் நடுவில் வருகிறது. அதனால் மதுரையில் அது அந்நியமான நாளாகத் தோன்றுவதில்லை. விடியுமுன் எழுந்து வாசலில் பெரிய கோலம் போட்டுச் சாணி உருண்டையில் பூசணிப்பூ செருகும் மாதம் அது. டிசம்பர் 31 இரவு அதே கோலத்தின் நடுவில் வண்ணப் பொடியால் புத்தாண்டு வாழ்த்து எழுதுவார்கள். காலையில் மீனாட்சியம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதும். கீழ வெளி வீதியில் உள்ள புனித மரியன்னை பேராலயத்திலும் பிற தேவாலயங்களிலும் நள்ளிரவு வழிபாடு நடக்கும். சீர்திருத்தச் சபைகளில் புதிய ஆண்டுக்கான வாக்குத்தத்த வசனம் அச்சிட்ட அட்டையை வழங்குவர். அதை வீட்டில் ஆண்டு முழுவதும் வைத்திருப்பார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையில் டிசம்பர் 31 திருத்தந்தை புனித சில்வெஸ்டரின் நினைவு நாள். போலந்து நாட்டில் அந்த இரவுக்கே 'சில்வெஸ்டர்' என்றுதான் பெயர். நடனமும் வாணவேடிக்கையுமாக அது கழியும். ஜனவரி 6, மூன்று அரசர் திருநாளன்று போலந்து மக்கள் மந்திரித்த சுண்ணக்கட்டியால் வாசற்கதவின் மேல் அந்த ஆண்டின் எண்ணையும் மூன்று எழுத்துகளையும் எழுதி, அடுத்த ஆண்டுவரை விட்டுவைப்பர். காப்புக் கட்டும் வாசலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆங்கிலேயருக்கும் ஜனவரி 1 எப்போதும் ஆண்டுப் பிறப்பாக இருந்ததில்லை. இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி ஆண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது.

கணக்கில் பிறக்கும் ஆண்டுகள்

நிலம் வைத்திருப்பவர்களுக்கு இன்னோர் ஆண்டும் தெரிந்திருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலும் பிற வருவாய்ப் பதிவேடுகளும் பசலி ஆண்டில் எழுதப்படுகின்றன. முகலாயர் கால வரி ஆண்டாகிய இது ஜூலை 1 அன்று தொடங்கி ஜூன் 30 அன்று முடியும். ஜூலையில் நடக்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி கிடைக்கும்; 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. சென்னை மாகாணத்தில் இது முன்பு ஆடி முதல் நாளில் தொடங்கி, பிறகு அலுவலக வசதிக்காக ஜூலை 1-க்கு மாற்றப்பட்டது. பசலி முடிவதை ஒட்டித் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியில்தான் பட்டா மாறுதல், எல்லைத் தகராறு மனுக்கள் வாங்கப்படுகின்றன. பழைய பத்திரத்தில் பசலி எண்ணைப் பார்த்து ஆங்கில ஆண்டு என்று எண்ணிக் குழம்புவோர் உண்டு. கழித்த 590-ஐத் திரும்பக் கூட்டினால் போதும். ஜனவரி முதல் ஜூன் வரையிலான நாளாக இருந்தால் 591.

ஏப்ரல் 1 நிதியாண்டின் தொடக்கம். இந்தியாவில் 1867 முதல் இவ்வாறு இருக்கிறது. மதுரைக் கடைகளில் வருஷப் பிறப்பன்று மஞ்சள் தடவிய புதுக்கணக்கு நோட்டில் பிள்ளையார் சுழி போட்டு இரண்டு வரவு எழுதும் வழக்கம் இன்னும் இருந்தாலும், உண்மையான கணக்கு பதின்மூன்று நாளுக்கு முன்பே கணினியில் தொடங்கியிருக்கும். நகரில் உள்ள வடநாட்டு வணிகர்கள் தீபாவளியன்று கணக்கு நோட்டுக்குப் பூசை செய்கின்றனர். தெலுங்கு பேசும் குடும்பங்கள் யுகாதியைக் கொண்டாடுகின்றன. இசுலாமியரின் ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள் கொண்டது. எனவே அதன் முதல் மாதமாகிய முகர்ரம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னால் வந்து, 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு முறை சுற்றிவிடும்.

பிற இடங்களில் சித்திரை

மேட நுழைவைப் புத்தாண்டாகக் கொள்வோர் தமிழர் மட்டும் அல்லர். வங்கத்தின் பொய்லா பொய்சாக், அசாமின் போகாலி அல்லாத ரொங்காலி பிகு, ஒடிசாவின் பணா சங்கராந்தி, தாய்லாந்தின் சொங்கிரான், மியன்மாரின் திஞ்சான் ஆகிய அனைத்தும் ஏப்ரல் நடுவில் வருகின்றன. இலங்கையில் தமிழரும் சிங்களவரும் இதே நாளைக் கொண்டாடுகின்றனர்.

ஈழத் தமிழரிடம் மதுரையில் இல்லாத சில வழக்கங்கள் உண்டு. ஞாயிறு மேடத்தில் நுழையும் நேரத்துக்கு முன்னும் பின்னுமாக உள்ள சில மணிநேரத்தைப் புண்ணிய காலம் என்பர். அந்நேரத்தில், கோயிலில் வாங்கிய மருத்துநீரைத் தலையில் தேய்த்துக் குளிப்பார்கள். மூலிகைகளும் மஞ்சளும் பிறவும் இட்டுக் காய்ச்சிய நீர் அது. பஞ்சாங்கத்தில் சொன்ன நிறத்தில் புத்தாடை உடுத்துவர். பிறகு நல்ல நேரம் பார்த்துப் பெரியவர்கள் சிறியவர்களுக்கு வெற்றிலையில் காசு வைத்துத் தருவது கைவிசேடம். போர்த்தேங்காய் அடித்தல், மாட்டுவண்டிச் சவாரி போன்ற விளையாட்டுகளும் நடக்கும். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சொல்லும் நேரங்கள் வேறுபடுவதால், ஒரே ஊரில் இரண்டு வீடுகளில் புத்தாண்டு சில மணிநேர இடைவெளியில் பிறப்பதும் உண்டு.